மோட்டர் சுழல்கிறது, நீர் ஏறவில்லை: ஏன்?

அலகு: பாய்மங்களில் அமுக்கம்

கிணற்றிலிருந்து தொட்டிக்கு நீர் ஏற்றும் மின்பம்பியை இயக்குகிறீர்கள். மோட்டர் வழமைபோலச் சுழல்கிறது, நீர் வரவில்லை. காரணம் கேட்டால் "பம்பி நீரை இழுக்கவில்லை" என எழுதுவோர் பலர். அதற்குப் புள்ளி கிடையாது. பம்பி நீரை இழுப்பதேயில்லை.

மையநீக்கப் பம்பியினுள் உள்ள சில்லு சுழலும்போது அங்குள்ள நீர் வெளிப்புறமாக எறியப்பட, சில்லின் மையத்தில் அமுக்கம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பில் தாக்கும் வளிமண்டல அமுக்கமே நீரை உறிஞ்சற் குழாயினூடாக மேலே தள்ளுகிறது. பம்பியினுள் வளி இருந்தால் இது நிகழாது. வளியின் அடர்த்தி நீரினதில் ஏறத்தாழ 800இல் ஒரு பங்கு. அதை எறிவதால் அமுக்கம் போதியளவு குறையாது. ஆகவே பழுது தேடுவது என்பது பெரும்பாலும் வளி புகுந்த வழியைத் தேடுவதே.

முதலில் ஆளியை நிறுத்திச் செருகியைக் கழற்றுங்கள். நீரின்றிச் சுழன்றால் அச்சிலுள்ள சீல் வெப்பமேறிப் பழுதடையும். பின்னர் பம்பியின் மேல் மூடியைத் திறந்து நீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற நீர் இறங்கினால், குழாயின் அடியிலுள்ள புட்வால்வு மூடவில்லை. இலையோ மணலோ சிக்கியிருக்கலாம், இறப்பர் தேய்ந்திருக்கலாம். நீர் நின்றும், இயக்கியபின் ஏறாவிட்டால் உறிஞ்சற் குழாயின் மூட்டுகளைப் பாருங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவர். இயங்கும்போது குழாயினுள் அமுக்கம் வெளியிலும் குறைவு. எனவே நீர் ஒழுகாது, வளிதான் உட்புகும். மூட்டில் சவர்க்கார நுரையைப் பூசினால் நுரை உள்ளே தள்ளப்படுவதைக் காணலாம்.

மோட்டர் உறுமியும் சுழலாவிட்டால் சில்லு இறுகியிருக்கலாம், அல்லது கொள்ளளவி பழுதாகியிருக்கலாம். கொள்ளளவியில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும். அதைத் தொடாது மின்வினைஞரிடம் விடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வரட்சிக் காலத்தில் நீர் ஏறாதிருக்கலாம். வளிமண்டல அமுக்கம் 100 000 பஸ்கால், நீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1000 கிலோகிராம், ஈர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொண்டால்:

உயரம் = 100 000 ÷ (1000 × 10) = 10 மீற்றர்

இது பூரண வெற்றிடத்துக்குரிய எல்லை. நடைமுறையில் 7 மீற்றர் வரையே நம்பலாம். வலுக்கூடிய மோட்டர் வாங்கினாலும் இவ்வெல்லை மாறாது. பம்பியை நீர்மட்டத்துக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும், அல்லது நீரில் மூழ்கும் பம்பியைப் பயன்படுத்த வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. உயரத்தைக் குறைக்கலாமென எண்ணி மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்கவே கூடாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உள்ளே இறங்குபவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். கணிப்பு சரிதான், உயிர் போய்விடும்.

பயிற்சி: பம்பி நீர்மட்டத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் உள்ளது. நீர் பம்பியை அடைய அதனுள் அமுக்கம் எவ்வளவிலும் குறைவாக இருத்தல் வேண்டும்? (விடை: 40 000 பஸ்கால்)