கார்புரேட்டருக்கு ஒரு தாங்கி

மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் மோட்டார் வாகனப் பாடம் நடத்துகிறேன். கார்புரேட்டர் பாடம் வரும்போது செய்முறை வகுப்பில் என்ன நடக்கும் என்பது இப்பாடத்தை நடத்தும் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கையில் அடங்கும் ஒரே ஒரு கருவி; சுற்றிலும் முப்பது மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக்குப் போய்வரும் இரண்டு மூன்று பேர் அதைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் திருகாணியைக் கழற்றும்போது ஊசி வால்வு நழுவி மேசைக்கு அடியில் உருளும். அதைத் தேடுவதிலேயே பாடவேளை முடிந்துபோகும். பின்னால் நின்ற மாணவிகளும், கூச்சப்படும் மாணவர்களும் கருவியைத் தொடாமலேயே நோட்டில் படம் வரைந்துகொண்டு போய்விடுவார்கள். தேர்வில் அவர்களே நல்ல மதிப்பெண்ணும் எடுப்பார்கள். தொட்டுப் பார்க்காமலேயே முழு மதிப்பெண் வாங்க முடிகிற செய்முறைப் பாடம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

பட்டறையில் மெக்கானிக்குக் கார்புரேட்டரைக் கழற்றத் தாங்கி எதுவும் தேவையில்லை. அவருடைய கையே தாங்கி. புதிதாகக் கற்பவருக்கு இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், கண்ணும் வேண்டும். அதனால் மாணவர்களோடு சேர்ந்து ஒரு தாங்கி செய்தோம். ஆன செலவு 500 ரூபாய்க்குள். பாதிப் பொருள்கள் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தவை.

அடிப்பலகைக்கு 18 மி.மீ. தடிமனுள்ள பிளைவுட், 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். தச்சரிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய துண்டே கிடைக்கும். அதன் நான்கு ஓரங்களிலும் விரற்கடை உயரத்துக்குச் சட்டம் அடித்துவிடுங்கள். உருளும் பொருள் எதுவும் பலகையைத் தாண்டாது. மேலே வெள்ளைப் பெயின்ட் அடிப்பது அழகுக்காக அல்ல. பித்தளை ஜெட்டும் கறுப்பு ரப்பர் வளையமும் வெள்ளையில்தான் உடனே கண்ணில் படும்.

பலகையின் நடுவில் 25 செ.மீ. உயரத்துக்கு இரண்டு எல் ஆங்கிள் தூண்களை நிறுத்தினோம். இரண்டுக்கும் நடுவே 15 செ.மீ. இடைவெளி. தூண்களின் உச்சியில் ஒரு தகட்டுச் சட்டம், இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட்டில் தொங்குகிறது. போல்ட்டுகளுக்கு விங் நட் போட்டிருக்கிறோம். நட்டைத் தளர்த்தினால் சட்டம் ராட்டினம் போலச் சுற்றும். இறுக்கினால் எந்தக் கோணத்திலும் நிற்கும். இந்தத் தாங்கியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மிதவை அறையின் கிண்ணம் அடியில் இருப்பதால் அதைக் கழற்றக் கருவியைத் தலைகீழாக்க வேண்டும். எரிபொருள் மட்டத்தைப் பார்க்க மறுபடி நேராக நிறுத்த வேண்டும். மிதவையின் உயரத்தை அளக்கும்போதோ இரண்டும் இல்லாத ஒரு சாய்வு தேவைப்படும். மிதவையின் நாக்கு ஊசி வால்வைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்தச் சாய்வில் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு அளவுகோலையும் வைப்பது அனுபவசாலிக்கே சிரமம். தாங்கியில் விங் நட்டை இறுக்கிவிட்டால் ஐந்து மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக அளந்து, ஐந்து பேரும் ஒரே அளவைச் சொல்வதைக் கேட்கலாம்.

கார்புரேட்டரைச் சட்டத்தில் பொருத்தும் முறை அதன் வகையைப் பொறுத்தது. சிலவற்றில் இரண்டு போல்ட் துளைகள் கொண்ட தட்டையான விளிம்பு இருக்கும். அந்த விளிம்பை அட்டையில் அழுத்தித் துளைகளைக் குறித்து, அந்த அட்டையையே தகட்டின்மேல் வைத்துத் துளையிடுங்கள். துளையைச் சற்று நீளவாக்கில் அராவிவிட்டால் வேறொரு மாடலும் பொருந்தும். வேறு சிலவற்றில் விளிம்பு இருக்காது. வட்டக் கழுத்து ரப்பர் குழாய்க்குள் நுழைந்து கிளிப்பால் இறுகும். அவற்றுக்குத் தகட்டில் ஒரு சிறு குழாய்த் துண்டை வெல்டிங் செய்து, ரப்பர் குழாயும் ஹோஸ் கிளிப்பும் மாட்டிக்கொள்ளலாம்.

எரிபொருள் தொட்டிக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அடியை வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மூடியில் துளையிட்டு, பழைய பெட்ரோல் டேப் ஒன்றை எம்-சீல் வைத்து ஒட்டினோம். பாட்டிலில் உள்ள நீர்மட்டம் மிதவை அறையைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்குமாறு ஒரு கம்பியில் கட்டியிருக்கிறோம்.

தண்ணீர் பாட்டிலில் ஊற்றுவது தண்ணீர்தான். பெட்ரோல் அல்ல. இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை. பெட்ரோல் பூஜ்ஜியத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். நம் ஊர் மே மாத வெப்பத்தில், மின்விசிறி சுழலும் மூடிய அறையில், முப்பது பிள்ளைகளுக்கு நடுவே அதைத் திறந்து வைக்க எந்தக் காரணமும் நியாயமாகாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறையின் ஸ்விட்ச் வரைக்கும் போகும். ‘கொஞ்சம்தானே சார்’ என்று மாணவர்கள் கேட்பார்கள். கொஞ்சம் என்றாலும் கிடையாது.

தண்ணீர் ஊற்றுவதால் பாடம் குறைந்துபோகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். எங்கள் வகுப்பில் பாடம் வளர்ந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

கிண்ணத்தின் அடியில் வடிகால் திருகாணியும் ஒரு சிறு மூக்கும் இருக்கும். அந்த மூக்கில் 5 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, கிண்ணத்தின் பக்கவாட்டில் மேல்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். திருகாணியைத் திறந்தால் கிண்ணத்துக்குள் எவ்வளவு உயரம் திரவம் நிற்கிறதோ அதே உயரம் குழாயிலும் நிற்கும். மாணவர்களுக்கு இதை விளக்க நான் சிரமப்படவே இல்லை. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் இருவர் தண்ணீர் நிரப்பிய டியூபை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மட்டம் குறிப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ‘இது கொத்தனார் டியூப்தானே’ என்று ஒரு மாணவி சொன்னதும் வேலை முடிந்தது. குழாய் மிக மெல்லியதாக இருந்தால் நுண்புழை விளைவு அளவைக் கெடுக்கும். அதற்காகவே 5 மி.மீ. என்றேன்.

இப்போது டேப்பைத் திறக்கச் சொல்லுங்கள். குழாயில் நீர்மட்டம் ஏறும். ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் தானாக நின்றுவிடும். யாரும் எதையும் மூடவில்லை. வகுப்பு அமைதியாகும் நொடி அது. வடிகாலிலிருந்து கொஞ்சம் நீரை வெளியேற்றினால் மட்டம் இறங்கி, மறுபடி ஏறி, அதே இடத்தில் நிற்கும். ‘வீட்டு மேல்தொட்டியில் பந்து மிதக்குமே, அதுதான் சார் இது’ என்பார்கள். அதேதான்.

அடுத்து ஒரு கணக்கு. ஊசி வால்வு மூடும் துளையின் விட்டம் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. உயர நீர் அந்தத் துளையில் கொடுக்கும் விசை எவ்வளவு? பரப்பு 3.14 சதுர மி.மீ.; அழுத்தம் ஏறத்தாழ 2940 பாஸ்கல். பெருக்கிப் பார்த்தால் ஒரு கிராம் எடைக்கும் சற்றுக் குறைவான விசை. இவ்வளவு சிறிய விசையைத்தான் மிதவை எதிர்த்து நிற்கிறது. ஒரு துளி துரு ஊசிமுனைக்கும் துளைக்கும் நடுவே சிக்கினால் வண்டி ஏன் பெட்ரோலை ஒழுகவிடுகிறது என்பது இதன்பிறகு எல்லோருக்கும் விளங்கிவிடும். டேப்பைத் திறந்து வைத்து 10 நிமிடம் காத்திருங்கள். மட்டம் அசையாமல் நின்றால் வால்வு நல்லது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பட்டறையில் மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதை இங்கே அளவுகோலால் கண்டுபிடிக்கிறோம்.

இனி தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் வருவோம். பெட்ரோலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.74. வால்வை மூட மிதவைக்கு 6 கிராம் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசை வேண்டும் என்றால், தண்ணீரில் அது 6 கன செ.மீ. மூழ்கினால் போதும், பெட்ரோலில் 8 கன செ.மீ.க்கு மேல் மூழ்க வேண்டும். ஆகவே தாங்கியில் நாம் காணும் மட்டம் உண்மையான பெட்ரோல் மட்டத்தைவிடத் தாழ்ந்தே இருக்கும். ‘அப்படியென்றால் நாம் அளந்தது தப்பா?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். தப்பல்ல, வேறு திரவத்தின் அளவு. எவ்வளவு வேறுபடும், எந்தத் திசையில் வேறுபடும் என்று அவர்களையே சொல்லவிடுங்கள். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை வரி பிசகாமல் ஒப்பிக்கும் மாணவர்களில் பலர் இந்தக் கேள்வியில் தடுமாறினார்கள். பட்டறை அனுபவமுள்ளவர்களும் தடுமாறினார்கள். சரியாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அதுவரை பின்வரிசையில் நின்றவர்கள். ஆகவே வண்டியில் மாட்டப்போகும் கார்புரேட்டரின் மிதவை உயரத்தைத் தண்ணீர் மட்டத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தயாரிப்பாளர் தரும் மி.மீ. அளவை வைத்தே சரிபார்க்க வேண்டும்.

ஜெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைத்த ஜெட்டில் குண்டூசியை விட்டுக் குடையும் பழக்கம் நம் ஊரில் எங்கும் உண்டு. சில தயாரிப்புகளில் ஜெட்டின்மேல் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு அலகில் குறிக்கும். 80 என்றால் 0.80 மி.மீ. வேறு சிலவற்றில் அந்த எண் பாயும் அளவைக் குறிக்கும். 0.80 மி.மீ. துளை குண்டூசியால் 0.85 ஆகிவிட்டால் பரப்பு எவ்வளவு கூடும்? மாணவர்கள் உடனே ‘6 சதவீதம்’ என்பார்கள். விட்டத்தின் வர்க்கத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்: 13 சதவீதத்துக்கு அருகில் வரும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்று பாடத்தில் படித்த விகிதம் ஒரு குண்டூசியால் குலைவதை எண்ணில் பார்த்த மாணவர், அதன்பின் காற்றடித்துத்தான் ஜெட்டைச் சுத்தம் செய்கிறார். சைக்கிள் பம்பே போதும்.

கழற்றிய பாகங்களை வைக்க, குளிர்சாதனப் பெட்டியில் பனிக்கட்டி உறையவைக்கும் தட்டு ஒன்றை எடுத்து, குழிகளுக்கு 1, 2, 3 என்று எண் எழுதினோம். முதலில் கழற்றியது முதல் குழியில். மாட்டும்போது கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஐடிலிங் திருகாணியைக் கழற்றும் முன் அதை மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்று போயிற்று என்று எண்ணிக் குறித்துவைப்பது கட்டாயம். ஒருவர் கழற்றுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார். அடுத்த முறை வேலைகள் கைமாறும். பட்டறைக்குப் போகும் மாணவருக்கு முதல் சுற்றில் எழுதும் வேலையைத்தான் கொடுப்பேன். அவருக்குப் பொறுக்காது, பொறுத்துக்கொள்ளட்டும்.

எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை பாய்மங்கள் பாடத்துக்கு இந்தத் தாங்கியை வாங்கிப்போனார். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பெர்னௌலி தேற்றமும் வெஞ்சுரிமானியும் நடத்துபவர், கார்புரேட்டரின் குறுகிய கழுத்தைக் காட்ட எடுத்துப்போகிறார். தொடக்க வகுப்புக்குக் கார்புரேட்டரே தேவையில்லை: எண் எழுதிய தட்டும், கழற்றி மாட்டக்கூடிய பழைய டார்ச் லைட்டும் இருந்தால் வரிசைப்படுத்தும் பாடத்தை அழகாக நடத்தலாம்.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகள் எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறிவிட்டன. இனி எதற்குக் கார்புரேட்டர் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நம் மாணவர்களின் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் பதில் கிடைக்கும். அவற்றில் பல 2020க்கு முந்தியவை. அவை பழுதானால் ஒருநாள் கூலி போகிற குடும்பங்கள் அவை. தவிர, தெளிப்பு முறையில் சென்சாரும் கணினியும் மறைவாகச் செய்கிற வேலையை, கார்புரேட்டரில் மிதவையும் காற்றும் கண்ணெதிரே செய்கின்றன. காற்றுக்கேற்ற எரிபொருள் என்ற ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். முதல் விடையைக் கையால் தொட்டவருக்கு இரண்டாவது எளிது.

வகுப்பு முடிந்ததும் கார்புரேட்டருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் தங்கக் கூடாது; தங்கினால் உள்ளே வெள்ளைப் படிவு பிடித்துவிடும். கிண்ணத்தைக் கழற்றி வடித்து, பம்பால் ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து, வெயிலில் அரைமணி நேரம் வைத்து, பிறகு மாட்டுங்கள். தண்ணீர்ப் பாடத்துக்கு வைத்திருக்கும் கார்புரேட்டரை எந்த வண்டியிலும் மாட்டாதிருக்க, அதன்மேல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.