கறுப்புக் காரைத் துடைக்காதீர்கள், கழுவுங்கள்: சயான்காரர்களுக்குச் சில குறிப்புகள்

மும்பையின் காலி-பீலி டாக்சிக்குக் கூரை மஞ்சள், உடம்பு கறுப்பு. கறை தெரியக் கூடாது என்றுதான் கீழே கறுப்பு அடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். சொந்தமாகக் கறுப்புக் கார் வைத்திருப்பவர் எவரும் அதைக் கேட்டுச் சிரிப்பார். பக்கத்துக் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்சிகள், 20 வருட வயது வரம்பு முடிந்து, 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன. இப்போது நம் சொசைட்டி வாசல்களில் நிற்கும் கறுப்பு வண்டிகளின் கதை வேறு. இந்தப் பக்கம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே, அந்தப் பக்கம் தண்டவாளம், திரும்பிய இடமெல்லாம் பழைய பில்டிங்கை இடித்துப் புதிது கட்டும் வேலை. போதாததற்கு 1912-இல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தையும் 2024 ஆகஸ்டில் இடிப்பதற்காக மூடினார்கள். தூசி விழத்தான் செய்யும். விழுந்த தூசியை எப்படி எடுக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

1. காய்ந்த துணியும் இறகுத் துடைப்பமும் வேண்டாம். சாலைத் தூசியில் சிலிக்கா மணல் கலந்திருக்கும். அது பெயிண்டைவிடக் கடினமானது. கறுப்பு நிறத்துக்கு மேலே கண்ணாடி போல இருக்கும் கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலான வண்டிகளில் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலில் பானெட்டின்மேல் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் ஓட்டியதால் வந்தவை அல்ல, துடைத்ததால் வந்தவை. வெள்ளைக் காரிலும் அதே கோடுகள் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

2. விடியற்காலையில் வந்து கார் துடைப்பவரோடு ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரே வாளி, ஒரே துணி, வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். முதல் வண்டியின் சக்கரத்துச் சேறு கடைசி வண்டியின் கதவுக்கு வந்து சேரும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லாரும் ஆபீஸ் கிளம்புவதற்குள் அவர் முடித்தாக வேண்டும், தினமும் துடைத்தால்தான் சம்பளம் என்பது நாம் வைத்த சட்டம். அதே சம்பளம் தருகிறேன், வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், மற்ற நாள் கண்ணாடியை மட்டும் துடையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். மறுக்க மாட்டார். வாளியும் துணியும் உங்களுடையதாக இருக்கட்டும்.

3. கழுவ இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குங்கள்; சக்கரத்துக்குத் தனித் துணி. சொசைட்டியில் ஹோஸ் பைப்புக்கு அனுமதி இல்லையென்றால், செடிக்கு மருந்தடிக்கும் பம்ப் ஸ்பிரேயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துணி படுவதற்கு முன்னால் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை வண்டி முழுக்க அடித்து ஊறவிட்டால் தூசி இளகி வழிந்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் துணி சோப்புப் பவுடரும் போட்டிருக்கும் வேக்ஸை உரித்துவிடும்.

4. எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். தான்சா, பாத்சா ஏரிகளிலிருந்து வரும் முனிசிபாலிட்டி தண்ணீர் மழைத் தண்ணீர்தான், உப்பு குறைவு. போர் தண்ணீரும் டாங்கர் தண்ணீரும் அப்படியல்ல. கறுப்பில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைக்கும். வேறு வழியில்லாமல் அதில்தான் கழுவ வேண்டுமென்றால், கடைசியாக ஒரு வாளி குழாய்த் தண்ணீரை ஊற்றி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். வெயிலிலும் சூடான பானெட்டிலும் கழுவவே கூடாது.

5. புறா எச்சம். யூரிக் அமிலம் உள்ளது. வெயிலில் இளகும் கிளியர் கோட்டில் இறங்கித் தடம் பதித்துவிடும். கறுப்பு அதிகம் சூடேறும் என்பதால் நமக்கு அவகாசமும் குறைவு. சுரண்டாதீர்கள். நனைத்த டிஷ்யூவைப் பத்து நிமிடம் மேலே போட்டு, ஊறியதும் அப்படியே தூக்கி எடுங்கள். டாஷ்போர்டில் ஒரு தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் இருக்கட்டும்.

6. ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிழல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். மழைக்காலத்தில் மேல் தளத்து கான்கிரீட்டில் கசியும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு சொட்டும். காய்ந்தால் பானெட்டில் வெள்ளைப் படலம். பக்கத்துக் கட்டுமானத்திலிருந்து தெறிக்கும் சிமென்ட் பாலும் இந்த ஜாதிதான். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, பிறகு தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீர்ப் புள்ளிக்கும் இதே வைத்தியம். அடுத்த நாளே வண்டியை வேறு இடத்தில் நிறுத்துங்கள். கமிட்டி அந்தக் கசிவை அடைக்கும்வரை காத்திருந்தால் பெயிண்ட் மிஞ்சாது.

7. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் இருக்க முடியாது. கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டிலும் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. தசராவுக்குக் கட்டும் சாமந்தி மாலையை வாடும்வரை விடாமல் மறுநாளே அவிழ்த்துவிடுங்கள். ஓடும்போது நூல் உரசும், அழுகிய பூ கறை விடும். கணபதி விசர்ஜன் ஊர்வலத்தில் குலால் படிந்தால் கையால் தட்டாதீர்கள். தண்ணீர் மட்டும்.

8. கழுவிய பிறகு கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால், ஒட்டியிருப்பது தூசி அல்ல. சென்ட்ரல் லைன் பக்கமோ ஜி.டி.பி. நகர் ஹார்பர் லைன் பக்கமோ நிறுத்துகிறவர்களுக்கு ரயில் பிரேக்கிலிருந்து வரும் இரும்புத் துகளாகவும் இருக்கலாம். கிளே பார் வாங்கி, ஷாம்பூ தண்ணீர் தெளித்து, அழுத்தாமல் தேயுங்கள். கீழே விழுந்த கிளே துண்டைக் குப்பையில் போடுங்கள். துணிக்கும் இதே விதி.

9. வேக்ஸ் போட மே மாதக் கடைசி வாரம் சரியான நேரம், ஜூனில் மழை தொடங்கிவிடும். கார்னோபா வேக்ஸ் இரண்டு மூன்று மாதம் தாங்கும். தீபாவளிக்கு முன் இன்னொரு தடவை. செராமிக் கோட்டிங் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கீறலே விழாது என்று கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

10. கவர்: சுத்தமான வண்டிக்கு மட்டும். தூசியின்மேல் போட்டால் காற்று அதை உப்புத்தாளாக்கிவிடும்.

11. நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டாத கீறல் பாலிஷில் போகும். மாட்டினால் டச்-அப் பெயிண்ட்தான். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்துத்தான் பளபளப்பைத் தருகிறது. ஆகவே சர்வீசுக்கு விடும்போதெல்லாம் ‘ரப்பிங் போடட்டுமா சார்’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். வாஷிங்கும் வேண்டாம் என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லிவிடுங்கள்.