டிக்கி நிறைந்தால் வண்டி எவ்வளவு இறங்கும்?

கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ ரயிலில் இடம் கிடைக்காமல் சொந்தக் காரிலேயே ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள் நம்மில் பல. நாகப்பூரிலிருந்தோ ஹைதராபாத்திலிருந்தோ கிளம்பினால் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதை விட்டு இறங்கி, ஊருக்குப் பிரியும் சாலையில் திரும்பிய பிறகுதான் சங்கடம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேகத்தடை, கோயிலுக்கு ஒன்று, ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வண்டியின் அடிவயிற்றில் 'கரக்' என்று ஒரு சத்தம். நகரத்தில் தினமும் ஓட்டும் அதே வண்டி, அங்கே எங்கும் தட்டாத வண்டி, இங்கே ஏன் தட்டுகிறது?

வண்டி வாங்கும்போது விற்பனையாளர் 'கிரவுண்ட் கிளியரன்ஸ் 165' என்றோ '170' என்றோ சொல்லியிருப்பார். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி அது, மில்லிமீட்டரில். ஆள் ஏறாத, சாமான் வைக்காத வண்டியிலும் அளக்கலாம். முழுச் சுமை ஏற்றியும் அளக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. இது வெறும் சொல் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பெரிய வண்டிகளுக்குக் கூடுதல் வரி விதிக்க 170 மில்லிமீட்டர் இடைவெளியை ஓர் அடையாளமாக வைத்திருந்தார்கள். அந்த 170 காலி வண்டியிலா, சுமையோடா என்ற கேள்வி எழுந்து, 2023 ஜூலையில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 50-ஆவது கூட்டம் 'சுமையில்லாத நிலையில்' என்று தெளிவாக்க வேண்டியிருந்தது. வரிக்குக் காலி வண்டி சரி. ஊருக்குப் போகும் நமக்குச் சுமையேறிய வண்டியின் கணக்குத்தான் வேண்டும்.

இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது அச்சையும் உடலையும். அச்சின் உயரத்தைத் தீர்மானிப்பது சக்கரம் மட்டுமே. மாட்டு வண்டியின் இருசு அத்தனை உயரத்தில் நிற்பதற்குக் காரணம் ஆளுயரத்தை எட்டும் அந்தச் சக்கரம்தான். பாரம் ஏற்றினால் இருசு தாழ்வதில்லை. பழைய அம்பாசடரில் பின் அச்சு ஒரே கட்டையாக இருக்கும். அதன் நடுவில் 'டிஃபரன்ஷியல்' பானை போலத் தொங்கும். ஐந்து பேர் ஏறினாலும் டயர் கொஞ்சம் நசுங்கும் அளவைத் தவிர அந்தப் பானை கீழே வராது. ஆனால் எஞ்சின், அதன் அடியில் உள்ள ஆயில் சம்ப், நடுவில் ஓடும் சைலன்சர் குழாய், பெட்ரோல் டாங்க் ஆகியவை ஸ்பிரிங்குக்கு மேலே உடலோடு சேர்ந்தவை. ஸ்பிரிங் அமுங்கினால் இவை இறங்கும். இப்போதைய கார்களில் வேகத்தடையில் தட்டுவது பெரும்பாலும் இவைதான்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சிறிய பயண வீடுகளிலும் இதே பேச்சு உண்டு. அவற்றில் ஒரே அச்சு, ஏறக்குறைய நடுவில். அதற்குப் பின்னால் வால் நீண்டு தொங்குவதால், பெட்ரோல் பங்க்குக்குள் ஏறும்போது வால் தரையில் உரசும். பட்டை ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் அச்சைக் கழற்றி, ஸ்பிரிங்குக்குக் கீழே மாட்டிவிடுவார்கள். அச்சின் தடிமனும் பட்டைகளின் தடிமனும் சேர்ந்த அளவுக்கு உடல் உயரும். அச்சு மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். சக்கரத்தை மாற்றாமல் அச்சை உயர்த்த வழியே இல்லை.

நம் காருக்கு வருவோம். உங்கள் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு தையல் டேப் போதும். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்திலும் அப்படியே. பிறகு பயணத்துக்கு ஏற்றுவது போலவே சாமான்களை வைத்து, எல்லோரையும் உட்காரச் சொல்லி மறுபடி அளங்கள். குழந்தைகளுக்கு இது நல்ல விளையாட்டு. ஐந்தாம் வகுப்புக் கழித்தல் கணக்கும் ஆயிற்று. பின்னால் 50, முன்னால் 20 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால், வண்டியின் நடுப்பகுதி 35 இறங்கியிருக்கிறது என்று பொருள். நடுவில் காலியாக 165 இருந்த இடம் இப்போது 130. விற்பனையாளர் சொன்ன எண்ணை மறந்துவிட்டு இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் வைக்கும் இடமும் கணக்கில் சேரும். டிக்கி பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.5 மீட்டர் தூரம், டிக்கியின் கோடியில் வைத்த 60 கிலோ பின் அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். அப்போது பின் அச்சில் 60 அல்ல, 72 கிலோ ஏறுகிறது. முன் அச்சில் 12 கிலோ குறைகிறது. ஏற்றப்பலகை தத்துவம்தான். கனமான பெட்டியைப் பின் இருக்கையின் முதுகை ஒட்டி வைத்தால் இந்த உபரி பெரிதும் குறையும். போகும்போது தட்டாத வேகத்தடை திரும்பி வரும்போது தட்டுவதன் ரகசியம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும்: பொன்னி அரிசி ஒரு மூட்டை, தேங்காய் முப்பது, போதாக்குறைக்கு ஊர்க் கல்லுரல்.

இனி வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட விதிமுறையில் அளவு இருக்கிறது: 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு போன்ற வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கானது. இதன் மேல் 2.5 மீட்டர் அச்சுத் தூரமுள்ள கார் ஏறும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் அந்த வளைவின் மேலேயே நிற்கும். இரண்டுக்கும் நடுவே வளைவு எழும்புவது 46 மில்லிமீட்டர்தான். அச்சுத் தூரம் 3 மீட்டரானாலும் 66. முழுச் சுமையோடு 130 இருக்கும் வண்டிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒழுங்காகப் போட்ட வேகத்தடையில் எந்தக் குடும்பக் காரும் தட்டாது.

ஊர்க்காரர்கள் ஒரு கூடைத் தார்க்கலவையைக் கொட்டி எழுப்பும் மேடு வேறு சாதி. ஓரடி அகலம், அரையடி உயரம். முன் சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது, நடுவே 150 மில்லிமீட்டரும் முழுசாக நிற்கும். 130 இடைவெளியுள்ள வண்டி 20 மில்லிமீட்டர் தட்டத்தான் செய்யும். குற்றம் வண்டியில் இல்லை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவைப் பலரும் கவனிப்பதில்லை. சமதரை முடிந்து சரிவு தொடங்கும் விளிம்பில் வண்டியின் வயிறு உட்காரும். அச்சுத் தூரத்தைச் சரிவால் பெருக்கி நாலால் வகுத்தால் தேவையான இடைவெளி ஏறக்குறையக் கிடைத்துவிடும். 5 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் 2.5 மீட்டர் வண்டிக்கு 125 மில்லிமீட்டர் வேண்டும். 3 மீட்டர் வண்டிக்கு 150. நீளமான கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் தங்கள் குடியிருப்பின் சரிவை அளந்து பார்ப்பது நல்லது.

வண்டியை உயர்த்த முடியாதா? 'பெரிய வீல் போடுங்கள்' என்பார்கள். இரும்பு வளையம் பெரிதாவதால் மட்டும் உயரம் கூடாது. 165/80 ஆர்14 என்ற டயரின் முழு விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 175/65 ஆர்15 என்ற 'பெரிய' டயரின் விட்டம் 608 சொச்சம். 15 அங்குல வீல் போட்டு வண்டியை 5 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தியவர்கள் ஆகிவிடுவோம். விட்டம் கூடினாலும் அதில் பாதிதான் அச்சுக்குச் சேரும். சுருள் ஸ்பிரிங்கின் வளையங்களுக்கு நடுவே செருகும் ரப்பர் துண்டுகளும் கடைகளில் கிடைக்கின்றன. ஸ்பிரிங் தன் வேலையைச் செய்ய விடாத இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடலையே தூக்கி வைக்கும் மாற்றங்களால் வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். மேலும், பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

செலவில்லாத வழிகள் ஓட்டும் முறையில் இருக்கின்றன. பிரேக்கை அழுத்தினால் மூக்கு தாழும் என்பது எல்லோரும் பார்த்ததே. மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, டயர் தொடும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். எதிரே வண்டி வராவிட்டால் குறுகலான மேட்டைச் சாய்வாகக் கடக்கலாம். ஒவ்வொரு சக்கரமாக ஏறுவதால் உடல் முழுவதும் ஒரே சமயத்தில் மேட்டின் மேல் தொங்காது. புறப்படும் முன் டயர் காற்றை முழுச் சுமைக்குரிய அளவுக்கு ஏற்றுங்கள். அது கதவருகே ஒட்டிய தாளில் இருக்கும். எதுவும் பலிக்காத மேட்டில் பின் இருக்கைக்காரர்கள் இறங்கி நடப்பதே வழி. பாட்டி முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

பலமாகத் தட்டிவிட்டால் என்ன செய்வது? பத்தடி தள்ளி ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குனிந்து பாருங்கள். ஏ.சி. போட்டிருந்தால் சொட்டும் தண்ணீர் தெளிவாக இருக்கும்; ஆயில் வழவழப்பாக, கருத்துத் தெரியும். ஆயில் சொட்டினாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, 'அடுத்த ஊர் நாலு கிலோமீட்டர்தானே' என்று கிளப்பவே கூடாது. சம்ப் உடைந்தால் சம்ப் விலையோடு போகும். ஆயில் இல்லாமல் நாலு கிலோமீட்டர் ஓடிய எஞ்சினைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அந்தச் செலவை, தெரிந்தே ஓட்டியதால் விளைந்த சேதம் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக ஏற்பதில்லை. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் கவலை கிடையாது. ஆனால் அவர்கள் வண்டியின் அடியில் விரிந்திருப்பது பேட்டரி. பலமாக அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும், சார்ஜ் போடுவதற்கு முன் சர்வீஸ் நிலையத்தில் வண்டியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.