கழிவு என்பது எது?



ஒர்க்‌ஷாப்பில் லேத்தின் முன் நிற்கும்போது நாம் கற்கும் முதல் கணக்கு இதுதான்: எடுத்த இரும்பில் ஜாபாக நின்றது எவ்வளவு, சீவலாக உதிர்ந்தது எவ்வளவு? அந்தக் கணக்கைக் கொஞ்சம் அடுப்படியிலும் போட்டுப் பார்ப்போமா?

எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகோடு மலைவாழையும் மேரக்காயும் விளைகின்றன. மேரக்காய் என்றால் கடைகளில் சௌசௌ என்கிறார்களே, அதுதான்.

மேரக்காய்: தோல் சீவும்போது பால் கையில் பிசுபிசுக்கும், தண்ணீருக்குள் வைத்துச் சீவினால் ஒட்டாது. இரண்டு பிஞ்சுக் காயின் தோலை எண்ணெயில் சுருள வதக்குங்கள். வறுத்த உளுந்து 2 ஸ்பூன், மிளகாய் வற்றல் 4, சிறிது புளி, பெருங்காயம், உப்பு சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் துவையல் ரெடி. இந்தக் காயின் பூர்வீகம் மெக்சிகோ. அங்கே கிழங்கையும் சாப்பிடுகிறார்கள். டார்ஜிலிங் மலையில் கொடியின் நுனித்தளிர்கூடக் கீரைதான்.

வாழை: விருப்பாச்சி மலைவாழைப் பழத்துக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஒரு மரம் ஒரே தடவைதான் குலை தள்ளும். வெட்டிய பிறகு உள்தண்டு பொரியலுக்கு ஆகும். நறுக்கும்போது வரும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட வேண்டும். வாழைப்பூவில் கள்ளனை நீக்கி மோரில் போடுவார்கள். ஏன்? வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் ஒரு நொதி அதைக் கறுக்க வைக்கிறது. மோரின் புளிப்பு அந்த வேகத்தைக் குறைக்கிறது.

இது ஏழை வீட்டுச் சமையல் என்று நினைக்காதீர்கள். ஜப்பான் வீடுகளில் முள்ளங்கித் தோலையும் கேரட் தோலையும் மெல்லிசாக நறுக்கி, சோயா சாஸும் சர்க்கரையும் விட்டு வதக்குகிறார்கள். அதற்குக் கின்பிரா என்று பெயர். முள்ளங்கிக் கீரையும் அங்கே வீணாவதில்லை.

ஓர் எச்சரிக்கை: எல்லாத் தோலும் உணவல்ல. உருளைக்கிழங்கின் முளையிலும் பச்சையான பகுதியிலும் சோலனின் என்ற நச்சு உண்டு, வேகவைத்தாலும் போகாது. வெட்டி எறியுங்கள். மருந்தடித்த காயின் தோலும் வேண்டாம். கழுவினால் மருந்து முழுவதும் போய்விடாது.

முதலாம் ஆண்டில், ஊரிலிருந்து கட்டிவந்த தோல் துவையலை டிபன் பாக்ஸ் மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டவன் நான். லேத் கணக்கு படித்த பிறகுதான் புரிந்தது, பள்ளிக்கூடம் போகாத எங்கம்மா இத்தனை வருஷமாக அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று.

இப்போது மூடியை மறைப்பதில்லை. திங்கட்கிழமை மதியம் வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க!