மஞ்சள் மறைந்த பின்னும் ஈரலைக் காப்போம்

இடம்பெயர்ந்து வாழும் நமக்குச் செங்கண்மாரி புதிதல்ல. 2009இல் வவுனியா மாவட்ட முகாம்களில் அது பரவியதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். அது அசுத்தமான நீராலும் உணவாலும் தொற்றும் ‘ஏ’ வகை ஈரல் அழற்சி. பெரும்பாலும் சில கிழமைகளில் மாறிவிடும், உடலில் தங்குவதில்லை.

‘பி’, ‘சி’ வகைகள் வேறு. இவை இரத்தத்தினாலும் உடலுறவினாலும் தொற்றுவன. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றலாம். வைரசு ஆறு மாதத்துக்கு மேல் உடலில் தங்கினால் அதுவே நாட்பட்ட ஈரல் அழற்சி. கண் மஞ்சளாகாமலே பல ஆண்டுகள் கழியலாம். நோவும் இராது, காய்ச்சலும் இராது. ஆனால் உள்ளே ஈரல் சிறிது சிறிதாகத் தழும்பேறிச் சுருங்கக்கூடும், புற்றுநோயும் உண்டாகலாம்.

சுமையைக் குறைப்போம்

காலிற் புண்பட்ட எருதை வண்டியிற் பூட்டி, மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றுவோமா? ஈரலுக்கும் அதே நியாயந்தான். நாம் உண்பது, குடிப்பது, விழுங்குவது யாவும் ஈரலுக்கே வேலையாகின்றன.

1. மது: சாராயம், கசிப்பு மட்டுமல்ல, ‘உடம்புக்குக் குளிர்ச்சி’ என்று குடிக்கும் கள்ளும் வேண்டாம். பாதிக்கப்பட்ட ஈரலுக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை.

2. குளிசைகள்: வேலைக் களைப்புக்கும் உடல் நோவுக்கும் பரசிற்றமோலை அள்ளிப் போடுவது நம்மிடையே வழக்கம். அளவு மீறினால் அது நல்ல ஈரலையே கெடுத்துவிடும். ஈரல் நோயாளர் தமக்குரிய அளவை வைத்தியரிடம் கேட்டறிய வேண்டும்.

3. கைமருந்து: கீழ்க்காய்நெல்லி ‘பி’ வைரசை நீக்குவதாகச் சென்னை ஆய்வாளர் 1988இல் எழுதினர். பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை. அதை நம்பி ஆஸ்பத்திரி மருந்தை விட்டுவிடக்கூடாது. என்ன சேர்ந்ததென்று தெரியாத கசாயம், லேகியம் எதுவும் வேண்டாம்.

4. பூஞ்சணம்: ஈரமான இடத்தில் வைத்த கச்சான், சோளம், கொப்பறா ஆகியவற்றிற் பூஞ்சணம் பிடித்தால் அதில் ஒரு நஞ்சு உண்டாகிறது. ‘பி’ வகை உள்ளவருக்கு இது ஈரற் புற்றுநோய் அபாயத்தைப் பன்மடங்காக்கும். அவித்தாலும் வறுத்தாலும் நஞ்சு போகாது. நன்றாகக் காயவைத்து, நிலத்திற் படாமல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்ததை எறியுங்கள்.

கடும் பத்தியம் தேவையில்லை. சோறு, பருப்பு, மீன், முட்டை, முருங்கையிலை, பழங்கள் யாவும் நல்லவை. வயிறோ காலோ வீங்கியவர் உப்பைக் குறைக்க வேண்டும்.

தட்டை அல்ல, அலகைப் பிரிப்போம்

ஒரு வீட்டில் நாம் கண்டது இது. ‘பி’ வகை நோயுள்ள தகப்பனுக்குத் தட்டும் கோப்பையும் தனியாக வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளையை அவர் மடிக்கு விடவில்லை. ஆனால் அவருடைய சவர அலகையே மகனும் பாவித்து வந்தார்! ஒன்றாக உண்பதால், அணைப்பதால் இந்நோய் தொற்றாது. இரத்தம் பட்ட அலகு, பல் தூரிகை, ஊசி ஆகியவற்றால் தொற்றும். ‘பி’ வைரசு உடலுக்கு வெளியே 7 நாட்கள்கூட உயிரோடிருக்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் அலகு வேறாயிற்று. அவர் எல்லோரோடும் இருந்து உண்கிறார்.

வீட்டில் ஒருவருக்கு ‘பி’ இருந்தால் மற்றவர்களும் இரத்தம் சோதித்து, தொற்றில்லாதவர் தடுப்பூசி போட வேண்டும். நம் நாட்டிற் குழந்தைகளுக்கு இவ்வூசி 2003 முதற் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த பலர் பெற்றிருக்கமாட்டார்கள். கர்ப்பிணித் தாய்க்கு ‘பி’ இருந்தால் மருத்துவ மாதுவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும். ‘சி’ வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் 8 முதல் 12 கிழமை வரை குளிசை எடுத்தாற் பெரும்பாலானோர் முற்றாகக் குணமடைகின்றனர்.

கிளினிக் கொப்பியும் நம் சொத்தே

வீட்டைவிட்டு ஓடியபோது காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டோம். அந்தப் பையிலேயே கிளினிக் கொப்பியும் இருக்கட்டும். எங்கு குடியேறினாலும் அதைக் காட்டிச் சிகிச்சையைத் தொடரலாம். ‘பி’ வகைக்குக் குளிசை எடுப்பவர் தாமாக நிறுத்தினால் நோய் திடீரெனக் கடுமையாகலாம். எனவே குளிசை முடியுமுன்னரே கிளினிக்குக்குச் செல்லுங்கள். குளிசை தேவைப்படாதவரும் வைத்தியர் சொன்ன தவணையிற் சோதிக்க வேண்டும்.

இரத்த வாந்தி, தார்போன்ற கறுப்பு மலம், வயிறு வீங்குதல், கண் மஞ்சளாதல், புத்தி தடுமாறுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கூடிப் பேசுவோம்

1. நம் வீட்டில் ஒரே அலகைப் பலர் பாவிக்கிறோமா?
2. கச்சானையும் சோளத்தையும் எங்கே, எப்படி வைத்திருக்கிறோம்?
3. நோயாளி ஒருவரைத் தவறான பயத்தினால் ஒதுக்கி வைத்திருக்கிறோமா? அவரை எப்படி மீண்டும் நம்மோடு சேர்த்துக்கொள்வோம்?