பத்துத் தடைகளின் கணக்கு

2018 ஆகஸ்ட் 27. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆண்கள் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச்சுற்று. கட்டார் நாட்டு வீரர் சாம்பா 47.66 விநாடியில் முதலாவதாக வந்தார். அடுத்து 48.96 விநாடியில் வந்து வெள்ளிப் பதக்கம் பெற்றவர் யார் தெரியுமா, மாணவர்களே? நம் திருப்பூர் மாவட்டத்து இராவுத்தம்பாளையத்துக்காரர், தருண் அய்யாசாமி.

இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர் தருண். பள்ளி ஆசிரியையான தாய்தான் அவரை வளர்த்தார். 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4×400 மீட்டர் தொடர் ஓட்ட அணியில் ஓடியபோது அவருக்கு வயது 19. அந்த அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அவர் மனம் தளர்ந்து நின்றுவிடவில்லை. 2018 மார்ச்சில் பாட்டியாலாவில் 49.45 விநாடியில் ஓடி, தடை ஓட்டத்தில் தேசியச் சாதனை படைத்தார்.

ஜகார்த்தாவில் வெண்கலம் பெற்ற ஜப்பானியர் அபேயின் நேரம் 49.12. ஆகவே தருண் தமது மார்ச் மாத நேரத்தையே மறுபடியும் ஓடியிருந்தால் வெள்ளி அவருக்கு இல்லை! ஐந்தே மாதத்தில் அவர் குறைத்தது 0.49 விநாடி. கண் சிமிட்டும் நேரத்தைவிடச் சற்றே கூடுதல்; ஆனால் ஓடுபாதையில் அது எவ்வளவு தூரம்? 400ஐ 48.96ஆல் வகுத்தால் சராசரி வேகம் விநாடிக்கு 8.17 மீட்டர். 0.49ஆல் பெருக்குங்கள்: 4 மீட்டர். மார்ச் மாதத் தருணும் ஆகஸ்ட் மாதத் தருணும் அடுத்தடுத்த பாதைகளில் ஓடியிருந்தால், இருவருக்கும் இடையே ஒரு மோட்டார் கார் நிற்கும் அளவு இடைவெளி இருந்திருக்கும்.

இனி தடைகளுக்கு வருவோம். மொத்தம் பத்து. முதல் தடை 45 மீட்டரில். பிறகு 35 மீட்டருக்கு ஒன்று. கடைசித் தடையிலிருந்து எல்லைக்கோடு 40 மீட்டர். ஆண்களுக்குத் தடையின் உயரம் 91.4 சென்டிமீட்டர். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நல்ல உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து நிற்கும்போது அவரது ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டரில் இருக்கிறது. அதாவது அது ஏற்கனவே தடைக்கு மேலே இருக்கிறது! பிறகு ஏன் தாண்ட வேண்டும்? இடுப்பும் தொடையும் அம்மையத்திற்குக் கீழே தொங்குகின்றனவே, அவற்றையும் கடத்த வேண்டாமா?

ஒவ்வொரு தடையிலும் ஈர்ப்பு மையம் 30 சென்டிமீட்டர் உயருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒரு தடைக்கான நிலை ஆற்றல் 9.8 × 0.3, அதாவது 2.94 ஜூல். பத்துத் தடைகளுக்கு 29.4 ஜூல். தருணின் சராசரி வேகத்தில் அதே ஒரு கிலோகிராமின் இயக்க ஆற்றல் (வேகத்தின் வர்க்கத்தில் பாதி) 33.4 ஜூல். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்! தடைகளுக்காகச் செலவிடும் ஆற்றல், நின்ற நிலையிலிருந்து மீண்டும் ஒருமுறை வேகம் எடுப்பதற்கு ஏறக்குறைய சமம். ஓடுபவர் கனத்தவரா, மெலிந்தவரா என்பது இதில் பொருட்டே அல்ல. நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகிறது.

வகுப்பில் இக்கணக்கைப் போடும்போது யாராவது ஒருவர் எழுந்து, "கீழே இறங்கும்போது அந்த ஆற்றல் திரும்பக் கிடைத்துவிடாதா, ஐயா?" என்று கேட்பதுண்டு. நல்ல கேள்வி. ரப்பர் பந்தானால் பெரும்பகுதி கிடைக்கும். மனிதக் காலில் தசைநார்கள் கொஞ்சம் திருப்பித் தருகின்றன, மீதி வெப்பமாகிவிடும். போதாக்குறைக்கு, இறங்கும் பாதம் உடலுக்கு முன்னால் ஊன்றினால் அதுவே பிரேக் போட்டது போலாகிவிடும்.

எனவே தேர்ந்த வீரர் உயரத் துள்ளுவதில்லை. முன்காலை நீட்டி, மார்பை அதன்மேல் கவிழ்த்து, தடையை உரசாத குறையாகக் கடக்கிறார். புதியவர் ஒவ்வொரு தடையிலும் 5 சென்டிமீட்டர் வீணாக எழும்பினால், பத்துத் தடைகளில் அரை மீட்டர் உயரம் ஏறிய செலவு. அவரது இயக்க ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு.

அடிகளின் எண்ணிக்கையும் ஒரு தலைவலி. தாண்டும் தூரம் போக, இரு தடைகளுக்கு நடுவே ஓட மிஞ்சுவது ஏறத்தாழ 31.5 மீட்டர். 13 அடிகளில் கடக்க ஒவ்வோர் அடியும் 2.42 மீட்டர் வேண்டும். 15 அடியானால் 2.1 மீட்டர் போதும். களைப்பு ஏற ஏற அடி குறுகும். 14க்கு மாறினாலோ அடுத்த தடையை மற்றக் காலால் தாண்ட வேண்டிவரும்! இரு காலுக்கும் பழக்கமில்லாதவர் அங்கேதான் தடுமாறுவார்.

இதே ஓட்டத்தில்தான் 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. உஷாவின் சராசரி வேகத்தில் நூறில் ஒரு பங்கு விநாடி என்பது 7 சென்டிமீட்டர்: உங்கள் கையின் நான்கு விரல் அகலம்.

ஜகார்த்தாவில் அதே வாரம் தொடர் ஓட்டத்திலும் தருண் வெள்ளி பெற்றார். 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் தடை ஓட்ட நேரத்தை 48.80 ஆகக் குறைத்தார். 48.96இலிருந்து 0.16 விநாடி. ஜகார்த்தாவில் அபேயை அவர் முந்தியதும் இதே 0.16தான். அது எத்தனை சென்டிமீட்டர் என்பதை நீங்களே கணக்கிட்டு, பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் இரு கோடுகள் போட்டுப் பாருங்கள்.