உறுமியும் சுற்றாத ரம்ப மோட்டார்

மரப்பட்டறையின் பழைய சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லையா? உடனே அணையுங்கள், விட்டால் காயில் கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றி, தண்டைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பேரிங் கோளாறு. லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கண்டென்சர்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தேங்கி நிற்கும். இரு முனைகளிலும் 230 வோல்ட் குண்டு பல்பை இணைத்து, அதை இறக்கிய பிறகே தொடுங்கள். இதில் மட்டும் அவசரமே கூடாது. புதியது அதே மைக்ரோஃபாரடில் இருக்கட்டும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது.

கண்டென்சர் நன்றாக இருந்தால், பின்மூடியைத் திறந்து சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சைப் பாருங்கள். மரத்தூள் அடைத்து அதன் பாயிண்டுகள் ஒட்டாமல் போவது சகஜம். தூளை நீக்கி, மெல்லிய உப்புத்தாளால் பாயிண்டுகளைத் தேய்த்தாலே பல மோட்டார்கள் ஓடிவிடும்.